ஜந்தர் மந்தரை அரூபமாக வரைய: எதை விடுவது?

மாடிப்படி:
டெல்லி ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக்கூடத்தில் எடுத்த படங்களை வைத்து, ராட்ரிங் பேனாவில் (ஒரே தடிமனில் மைக்கோடு போடும் வரைபடப் பேனா) அரூபமாக வரைந்து பார்க்கிறேன். அங்குள்ள பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் சாய்சுவர், நடுவில் ஏறும் படிகள், இரு பக்கமும் வளையும் சுவர்கள். எவ்வளவு குறைத்தாலும் பார்க்கிறவர்கள் "ஓ, ஜந்தர் மந்தரா?" என்கிறார்கள். இன்னும் எதை எடுப்பது?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
முதலில் போட்டோவை உள்ளே வையுங்கள் தம்பி. அது கண்முன் இருந்தால் கை கட்டடத்தைத்தான் போடும். 1724-ல் மன்னர் ஜெய்சிங் அதைக் கட்டியது வானத்தை அளக்க. அந்தச் சாய்சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அதனால் அதன் சாய்வும் டெல்லியின் அட்சரேகையும் ஒன்று, ஏறக்குறைய 28.6 டிகிரி. அந்தக் கோணம் ஒன்று போதும் உங்களுக்கு. அட்ஜஸ்டபிள் செட் ஸ்கொயரில் (கோணத்தை மாற்றி வைக்கக்கூடிய மூலைமட்டம்) அதை வைத்து இறுக்கிவிட்டு, தாளின் ஒரு ஓரத்திலிருந்து 0.1 மி.மீ. பேனாவில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். இடைவெளியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சுவர் காணாமல் போய் வெயில் நகர்வதுபோல ஒன்று வரும். படிகளைத் தொடவே வேண்டாம். படி இருந்தால் பார்க்கிறவன் மனசுக்குள் ஏற ஆரம்பித்துவிடுவான், அப்புறம் கட்டடம்தான்.

பரோடாவாசி:
நஸ்ரீன் முகமதியின் (1937–1990) கோட்டோவியங்களைப் பாருங்கள். இங்கே பரோடாவில் ஓவியம் கற்பித்தவர். ஆக்ரா பக்கத்தில் உள்ள முகலாயர் கால நகரமான ஃபதேபூர் சிக்ரியைப் போட்டோவாக எடுத்திருக்கிறார், ஆனால் அவருடைய மைக்கோடுகளில் இது இன்ன கட்டடம் என்று யாரும் விரல் வைக்க முடியாது. பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் கிடையாது. உங்கள் படத்துக்குக் கீழே 'ஜந்தர் மந்தர் – 3' என்று எழுதியிருந்தால், முதலில் அதை எடுங்கள்!

மாடிப்படி:
கோணத்தை மட்டும் வைத்து ஒன்று போட்டேன். வீட்டில் "மழையா?" என்று கேட்டார்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் செட் ஸ்கொயருக்கு அடியில் மை ஓடிவிடுகிறது. பேனாவும் பாதிக் கோட்டில் நின்றுவிடுகிறது.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
செட் ஸ்கொயருக்கு அடியில், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, மூலைக்கு ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். விளிம்பு தாளைத் தொடாமல் நின்றால் மை உள்ளே போகாது. பேனாவைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள், உள்ளே டக் டக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நிப்பில் மை காய்ந்திருக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். 0.1-இன் உள்ளே இருக்கும் கம்பியை மட்டும் வெளியே இழுக்காதீர்கள், மயிரிழைதான் அது, வளைந்தால் புது நிப்தான் வாங்க வேண்டும்.