தை முகூர்த்தத்துக்கு மல்லிகை: முன்கூட்டியே விலை பேசித் தருபவர் உண்டா?

தங்கைக்குத் தைக் கடைசி முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். மொத்த பட்ஜெட் 4 லட்சம். மண்டபம், சமையல், விளக்குத்தூண் பக்கம் எடுத்த ஜவுளி எல்லாம் ஒருவழியாக அதற்குள் அடங்கிவிட்டது. பூவில்தான் மாட்டிக்கொண்டேன்.

மாலையைக் கதம்பத்தில் முடித்துக்கொள்கிறோம். மணப்பெண் ஜடைக்கும், வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கவும் உதிரி மல்லி 6 கிலோ வேண்டும். ஒதுக்கியது 9,000 ரூபாய். பனிக்காலத்தில் செடி மொட்டு விடுவது குறையும், முகூர்த்தக் கூட்டமும் சேர்ந்தால் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது நம்மூரில் புதிதில்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூன்று கடைகளில் கேட்டேன். "அன்னைக்கு வெலதான் தம்பி" என்பதே எல்லாரிடமும் பதில். நிலக்கோட்டையில் ஒருவர் விலையை இப்போதே முடிக்கச் சம்மதித்தார், ஆனால் கிலோ 2,500, முழுப் பணமும் முன்பணமாக. சரி, இரண்டு நாள் முன்பே வாங்கி வைக்கலாமா என்று கால் கிலோ மொட்டை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் பழுப்பு. அரளியும் சம்பங்கியும் போதுமே என்றதற்கு அம்மா, "மதுரையில கல்யாணத்த வச்சுக்கிட்டு மல்லி இல்லாமலா?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம், கிலோ 1,500 ரூபாய்க்குள் இப்போதே விலை முடித்து முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பறித்துத் தரும் விவசாயி யாரையாவது தெரியுமா?