பேஸ்மென்டில் ஒரே சம்ப், மூன்று உப்புநீர்த் தொட்டிகள்: பம்பை நிறுத்தினால் வெள்ளம், ஓடவிட்டால் மேலே தண்ணீர் ஏறவில்லை

பேஸ்மென்ட்_கடல்:

வணக்கம். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். போன வருடம்தான் வீடு வாங்கினோம், பேஸ்மென்டில் லோண்ட்ரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது, அதை மீன் அறையாக்கலாம் என்று இறங்கினேன். மேலே வாளி, வயர், பம்ப் சத்தம் ஒன்றும் இருக்காது என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துத்தான் தொடங்கியது, ஆகவே இனிப் பின்வாங்க முடியாது.

மேலே ஹோலில் (வரவேற்பறையில்) 120 கலன் தொட்டி, நான்கடி நீளம் இரண்டடி அகலம், பவளங்களுக்கு. பமிலி ரூமில் 75 கலன், அதில் ஒரு லயன்ஃபிஷ்ஷும் இன்னும் இரண்டு பெரிய மீனும் வரும், பவளம் இல்லை. பேஸ்மென்டிலேயே சம்ப்புக்கு (தொட்டித் தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி, திரும்ப மேலே போகும் இடம்) பக்கத்தில் உயர ஸ்டாண்டில் 40 கலன், புதிதாக வாங்கும் மீனை முதலில் விட்டுப் பார்ப்பதற்கு. மூன்றுக்கும் ஒரே சம்ப், ஒரே ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக எடுக்கும் கருவி), ஒரே ஹீட்டர் செட். சம்ப் என்று சொல்வது பழைய 55 கலன் கண்ணாடித் தொட்டி, தடுப்புகளை நானே ஒட்டினேன். தண்ணீரைத் தொட்டிகளுக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பும் ஒன்றுதான், பெட்டியில் மணிக்கு 3000 கலன், 20 அடி உயரம் என்று போட்டிருக்கிறது. அதிலிருந்து போகும் குழாயை மூன்றாகப் பிரித்தேன். மேல் தொட்டிகள் இரண்டிலிருந்தும் இறங்கும் தண்ணீரை சீலிங்குக்குள் ஒரே ஒன்றரை இஞ்சிக் குழாயில் சேர்த்து, 11 அடி படுக்கையாகக் கொண்டுபோய் சம்ப்பில் விட்டிருக்கிறேன்.

நேற்று வெறும் பைப் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தேன். கீழே உள்ள 40 கலன் தொட்டி கொதிக்கிற மாதிரிக் கொந்தளிக்கிறது, ஹோல் தொட்டிக்குக் குழந்தை ஒன்றுக்குப் போகிற அளவுக்குத்தான் வருகிறது, சிரிக்க வேண்டாம். சீலிங்குக்குள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'குளுக் குளுக்'. அலுத்துப்போய் பம்பை நிறுத்தினேன், சம்ப் நிரம்பி வழியத் தொடங்கிவிட்டது. அறுபது, எழுபது லீற்றராவது தரையில் போயிருக்கும். நல்லகாலம், மீன் எல்லாம் இன்னும் பழைய தொட்டியில்தான் இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்? பம்பைப் பெரிதாக்கினால் சரிவருமா?

குழாய்க்காரன்:

தம்பி, பம்பை மாற்றாதே, காசுதான் போகும். ரொறன்ரோவில் குழாய் வேலை பார்க்கிறவன் நான், மீன் தொட்டி அதற்குப் பிறகு பிடித்த பைத்தியம்.

முதலில் வெள்ளத்தைப் பார்ப்போம். ஹோல் தொட்டியில் ஒரு இஞ்சி உயரத் தண்ணீர் 19 லீற்றர், 75 கலனில் 14, 40 கலனில் பதினொன்றுக்குக் கிட்ட. பம்ப் நின்றவுடன் ரிட்டர்ன் குழாயே சைஃபனாக மாறி, அதன் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். ரிட்டர்ன் வாய்கள் எத்தனை இஞ்சி ஆழத்தில் இருக்கின்றன, பம்ப் ஓடும்போது சம்ப்பில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்து சொல்.

பேஸ்மென்ட்_கடல்:

ஹோலில் 3 இஞ்சி, பமிலி ரூமில் 2, கீழே 1. சம்ப்பின் உயரம் 21 இஞ்சி, 17 வரை தண்ணீர் வைத்திருந்தேன். ரிட்டர்ன் குழாயில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு ஒன்று போட்டால் பிரச்சினை முடிந்துவிடாதா அண்ணை?

குழாய்க்காரன்:

கணக்கு அப்படியே பொருந்துகிறது பார். 57, 28, 11, குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பது ஒரு 15, மொத்தம் 111 லீற்றர் இறங்கும். உன் சம்ப்பில் ஒரு இஞ்சிக்கு 10 லீற்றர், நீ விட்ட இடம் 4 இஞ்சி. மீதி 71 தரைக்கு.

செக் வால்வை நம்பாதே. புதிதாக இருக்கும் முதல் மாதம் அருமையாக வேலை செய்யும், பிறகு ஒரு மணல் துகளோ குட்டி நத்தையோ இடையில் நின்றால் முழுதாக மூடாது, அது உனக்குத் தெரிய வருவது கரண்ட் போகும் இரவில்தான். ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உயர்த்து, மட்டத்தை ஒட்டிக் குழாயில் காற்று இழுக்க ஒரு சின்ன ஓட்டையும் போடு. அதுவும் அடைபடும், மாதம் ஒருமுறை பல்குத்தியால் குத்திவிட வேண்டும். சம்ப்பை 12 இஞ்சியில் ஓட்டு. இந்த இரண்டும் செய்தால் செக் வால்வுக்கு வேலையே இல்லை.

அடுத்தது, மேலே ஏறாதது. தண்ணீர் சோம்பேறி, லேசான வழியில்தான் போகும். கீழ்த் தொட்டிக்கு அது ஏற வேண்டியது மூன்றடி, ஹோலுக்கு 13 அடி. கீழ் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்வரை 13 அடி ஏற்றுகிற அழுத்தம் குழாயில் சேரவே சேராது. கீழ்த் தொட்டிக்குத் தனியாக ஒரு சின்னப் பம்ப் வை, பெரிய பம்ப் மேல் தொட்டிகள் இரண்டுக்கு மட்டும். அவை ஒரே மாடியில் இருப்பதால் வால்வை வைத்துச் சமப்படுத்தலாம். 3000 கலன் என்பது ஏற்றமே இல்லாதபோது வரும் அளவு, 13 அடியில் அதில் பாதிகூட வராமல் போகலாம், பரவாயில்லை. சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்கு போனால் தாராளம். அலைக்குத் தொட்டிக்குள்ளேயே வேவ்மேக்கர் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன விசிறிப் பம்ப்) இருக்கிறது.

குளுக் குளுக் சத்தத்துக்குக் காரணம் இரண்டு தொட்டித் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்தது. வெட்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக இரண்டு குழாய், ஒன்று முழுச் சைஃபன் (காற்று இல்லாமல் தண்ணீர் நிறைந்து ஓடுவது), மற்றது சும்மா நிற்கும் அவசரக் குழாய். சைஃபன் குழாயில் கேட் வால்வு போடு, பால் வால்வில் நுணுக்கமாகத் திருக முடியாது. அதன் நுனி சம்ப் தண்ணீருக்குள் ஒரு இஞ்சிக்கு மேல் போகக்கூடாது, ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் நுனி தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், அதில் தண்ணீர் விழுந்தால் உன் காதில் கேட்க வேண்டும். படுக்கைக் குழாய் அடிக்குக் கால் இஞ்சி சரியட்டும், 90 பாகை முழங்கைக்குப் பதில் 45 இரண்டு. ஒரு தொட்டியை அடைக்க நேர்ந்தால் முதலில் ரிட்டர்ன் வால்வு, பிறகுதான் இறங்கும் வால்வு. மாற்றிச் செய்தால் வெள்ளம் ஹோலில்.

தரையையும் பார்த்தாயா? 120 கலன் உப்புத்தண்ணீர் மட்டுமே 465 கிலோ, கண்ணாடியும் கல்லும் வேறு. தொட்டி ஜொயிஸ்ட்டுகளுக்கு (தரையைத் தாங்கும் உத்தரங்கள்) குறுக்கே, சுமை தாங்கும் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கீழே நின்று பார்த்தால் தெரியும்.

பவளப்பைத்தியம்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே பேஸ்மென்டும் கிடையாது, ஹீட்டர் கவலையும் கிடையாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் கட்டும் கரண்ட் பில்தான் கவலை. குழாய் விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புது மீனை விட்டுப் பார்க்கும் டேங்கையே அதே சம்ப்பில் சேர்க்கிறீர்களே, இதை யாரும் கேட்கவில்லையே?

ஒரு சம்ப் என்றால் ஒரே தண்ணீர், மூன்று டேங்க் என்பது கண்ணுக்கு மட்டும்தான். உப்புநீர் வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி மீனின் தோலில் சில நாள் இருந்துவிட்டுக் கீழே விழும், கூடு கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும், பிறகு வெடித்து அடுத்த மீனைத் தேடும். புது மீன் கொண்டுவந்தது அன்றைக்கே உங்கள் ஹோலுக்கு ஏறிவிடும். அப்புறம் காப்பர் மருந்து போடலாம் என்றால் அது பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும், கல்லிலும் மணலிலும் வேறு ஊறிக்கொள்ளும். மருந்து இல்லாமல் ஒழிக்க டேங்கில் மீனே இல்லாமல் 76 நாள் வைக்க வேண்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்கள் அமைப்பில் அது மூன்று டேங்கும் சேர்ந்து 76 நாள். யூ.வி. விளக்கு கிருமியைக் குறைக்கும், தடுப்புச்சுவர் ஆகாது. நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், இரண்டு டேங்கை இணைத்து வைத்திருந்தபோது கடையிலிருந்து வந்த ஒரே ஒரு டாங் மீனால் பதினோரு மீன் போனது.

அந்த 40 கலனைக் கழற்றிவிடுங்கள். அதற்குத் தனி வலை, தனி வாளி, தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஸ்பாஞ்சை மட்டும் சம்ப்பில் ஒரு மாதம் போட்டு வைத்தால் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது எடுத்துப் போடலாம். ஒருமுறை எடுத்தது திரும்பிச் சம்ப்புக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

உப்புக்கணக்கு:

40 கலன் விஷயத்தில் நானும் அதையே சொல்வேன். லயன்ஃபிஷ் தொட்டியையும் பிரிக்கச் சொல்வேன், எத்தனை பேர் திட்டினாலும் சரி. அது தின்பதும் கழிப்பதும் பெரிய அளவு. மீன் மட்டும் உள்ள தொட்டியில் நைட்ரேட் (கழிவிலிருந்து தண்ணீரில் சேர்வது) லீற்றருக்கு 30, 40 மில்லிகிராம் இருந்தாலும் பெரிய பாதிப்பில்லை, கிளைப்பவளங்களுக்கு அது நிறைய.

இன்னொன்று, திறந்த தொட்டிகள் இவ்வளவு என்றால் நாளுக்கு 10, 15 லீற்றர் ஆவியாகும். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும்போது அந்த ஈரம் முழுக்க ஜன்னலில் வழியும், பிறகு சுவரில் பூஞ்சணம். மீன் அறைக்கு வெளியே தள்ளும் விசிறி கட்டாயம். மூடிய வீட்டில் நம் மூச்சில் வரும் கார்பன் டை ஒக்சைட்டால் தொட்டியின் பி.எச். இறங்குவதும் குளிர்காலத்தில் நடக்கும், ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே விட்டால் சரியாகும். ஆவியான நீரைத் தானாக நிரப்பும் பீப்பாவில், சம்ப்பில் மிச்சமிருக்கும் இடத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வைக்காதீர்கள், நிரப்புவதை நிறுத்தும் மிதவை சிக்கினாலும் வழியாது. ரொறன்ரோ பைப் தண்ணீரில் குளோரமின் (கிருமிநாசினி) உண்டு, ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவிக்கு முன்னால் நல்ல கார்பன் ஃபில்டர் வேண்டும்.

ஹீட்டர் இரண்டையும் ஒரே சர்க்கிட்டில் போடாதீர்கள். 2013 டிசம்பர் ஐஸ் மழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சில வீடுகளுக்கு நாட்கணக்கில். அப்போது கீழே எவ்வளவு பெரிய சம்ப் இருந்தாலும் மேல் தொட்டிக்கு உதவாது, ஒவ்வொரு தொட்டிக்கும் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் வேண்டும்.

குழாய்க்காரன்:

லயன்ஃபிஷ் தொட்டியைப் பிரிக்க வேண்டாம் என்பேன். பெரிய ஸ்கிம்மர், சம்ப்பில் கொஞ்சம் கடற்பாசி, இரவில் அதற்கு லைட். என்னிடம் ஆறு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

உப்புக்கணக்கு:

உங்கள் தொட்டியில் இருப்பது மென்பவளம் அண்ணை, அது எதையும் தாங்கும்.

பேஸ்மென்ட்_கடல்:

இரண்டு வார இறுதி போய்விட்டது. சீலிங்கை மறுபடி வெட்டி நான்கு குழாயும் தனித்தனியாக இறக்கியாயிற்று. 40 கலனைக் கழற்றி அறையின் மற்ற மூலைக்குக் கொண்டுபோய்விட்டேன், வாளிக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ரிட்டர்ன் வாய்கள் மேலே, சம்ப் 12 இஞ்சியில். ஐந்து தரம் பம்பை நிறுத்திப் பார்த்தேன், நான்கு இஞ்சி ஏறி நிற்கிறது. ஹோல் தொட்டிக்கு இப்போது நன்றாக வருகிறது, சைஃபன் வால்வைத் திருகித் திருகி ஒரு மணித்தியாலத்தில் சத்தமே இல்லாமல் போனது. ஜொயிஸ்ட்டும் பார்த்தேன், தொட்டி குறுக்கேதான் நிற்கிறது.

லயன்ஃபிஷ் தொட்டியை இப்போதைக்குச் சேர்த்துத்தான் வைக்கிறேன், ஆனால் இரண்டு குழாயிலும் வால்வும் யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டிருக்கிறேன், நைட்ரேட் 15 தாண்டினால் பிரித்துவிடுவேன்.

விசிறிதான் மிச்சம். அதன் குழாயை லோண்ட்ரி ட்ரையர் போகும் அதே ஓட்டையில் சேர்க்கலாம் என்று மச்சான் சொல்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?

குழாய்க்காரன்:

சேர்க்காதே. ட்ரையர் பஞ்சும் சூடும் வரும் குழாய் அது, தனியாகத்தான் வெளியே போக வேண்டும். சுவரில் வேறு நான்கு இஞ்சி ஓட்டை போடு. மச்சானிடம் ட்ரில் இருந்தால் அதை மட்டும் வாங்கு.