வெங்காய ‘கியூரிங்’: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். வெங்காயத்தை வீட்டில் வைத்துக் காப்பது பற்றிய கையேட்டில் ‘கியூரிங்’ வருமிடமெல்லாம் ‘பதப்படுத்தல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

> பதப்படுத்தல்

வேண்டாம். உப்போ எண்ணெயோ சேர்த்து ஏதோ செய்வதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே எதையும் சேர்ப்பதில்லை. தாள் சாய்ந்தபின் பிடுங்கிய வெங்காயத்தைக் கழுவாமல், காற்றோட்டமான நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் 10–14 நாள் பரப்பி வைக்கிறோம், அவ்வளவுதான். ‘நிழலுலர்த்தல்’ போதுமே?

---

> நிழலுலர்த்தல்

மூலிகைக்குப் பொருந்தும், அங்கே இலை முழுக்கக் காயவேண்டும். வெங்காயத்தில் உள்ளே சாறு நிற்கவேண்டும். மேல்தோலும், தாள் கிளம்பும் கழுத்தும் மட்டுமே காயவேண்டும். கழுத்தை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. அந்த ஈரக் கழுத்து வழியாகத்தான் அழுகல் இறங்கும். வெளியே பழுதில்லாமல் தெரிந்தது, நறுக்கினால் மேற்பாதி பழுப்பாகக் குழைந்திருக்கும். கழுத்து இறுகித் தோல் சரசரத்ததும் 2 செ.மீ. விட்டுத் தாளை நறுக்கலாம். ஒட்ட நறுக்கினால் புதுக் காயம், பழைய கதை.

தோல் சருகாவதுதான் அடையாளம். ஆகவே ‘சருகேற்றல்’.

---

> சருகேற்றல்

நல்ல சொல். ஆனால் உருளைக்கிழங்குக்கும் கியூரிங் உண்டே, அதில் சருகு ஏது? ‘ஆற்றல்’ என்றால் இரண்டுக்கும் ஆகும்: புண்ணும் ஆறும், ஈரமும் ஆறும்.

---

> ஆற்றல்

அதை இயற்பியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், ஐயா. தவிர, இரண்டும் எதிரெதிர் வேலை. தோண்டும்போது பட்ட கீறலின்மேல் புதுத் தோல் கட்ட உருளைக்கு ஈரக்காற்று வேண்டும். வெங்காயத்துக்கு வறண்ட காற்று. ஒரே சொல்லைப் போட்டால் இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிவிடுவார்கள். உருளை விடும் ஈரத்தில் வெங்காயம் வேர்விடும். உருளைக்குப் ‘புண்ணாற்றல்’ இருக்கட்டும். ‘காயமாற்றல்’ மட்டும் வேண்டாம், வெங்காயத்தோடு குழம்பும்!

---

ஏற்கிறேன். வரி இப்படி வரும்:

“சருகேறிய வெங்காயத்தை வலைப்பையில், ஈரமில்லாத இருட்டில் தொங்கவிடவும், நெகிழிப் பையில் கட்டினால் வியர்த்துக் கரும்பூஞ்சை பிடிக்கும். 25–30 பாகை செல்சியஸ் தாங்கும். 10–20 பாகையில்தான் விரைவில் முளைக்கும். கழுத்து தடித்துச் சருகேறாதவற்றைப் பொறுக்கி முதலில் சமைத்துவிடவும்.”