மின்னியல், காந்தவியல், ஒளியியல்: தனியாகப் படிக்க எந்தப் புத்தகம்?

கேள்வி:
நான் படித்தது வேறு துறை. வகையீடு, தொகையீடு வரும். வெக்டர் நுண்கணிதம் தெரியாது. ஹாலிடே-ரெஸ்னிக் எழுதிய அடிப்படை இயற்பியல் புத்தகத்தில் மின்னியல் பகுதியை முடித்துவிட்டேன். காஸ் விதியை (மூடிய பரப்பு வழியே வெளியேறும் மின்புலத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைப்பது) வைத்துக் கணக்குப் போட வருகிறது, ஆனால் அது ஏன் உண்மை என்று யாராவது கேட்டால் முழிப்பேன். அடுத்து மின்காந்தவியலுக்கு கிரிஃபித்ஸ் எழுதிய பாடநூலா, பர்செல் எழுதியதா? ஒளியியலுக்கு ஹெக்ட் எழுதிய புத்தகத்தை வாங்கலாமா? சொல்லித்தர ஆள் கிடையாது.

பதில் 1:
கிரிஃபித்ஸ். அதன் முதல் அத்தியாயமே வெக்டர் நுண்கணிதம்தான். அதற்காக அங்கேயே குடியிருக்க வேண்டாம். டைவர்ஜன்ஸ் (புலம் ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு விரிகிறது), கர்ல் (எவ்வளவு சுழல்கிறது), அவற்றின் தேற்றங்கள், டெல்டா சார்பு (ஒரே புள்ளியில் குவிந்திருப்பதைக் குறிப்பது), இவ்வளவு பிடிபட்டதும் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். மீதி தேவைப்படும்போது திரும்பி வந்து பார்க்கலாம். அந்தப் புத்தகத்தில் வரும் சுருள் 'ஆர்' எழுத்து, மூல மின்னூட்டத்திலிருந்து நாம் நிற்கும் புள்ளிக்கு வரும் வெக்டர். அதைச் சாதாரண 'ஆர்' என்று எடுத்துக்கொண்டால் எல்லாத் தொகையீடும் கோணலாகிவிடும்.

தனியாகப் படிப்பவர்கள் மூச்சுத் திணறும் இடம் மூன்றாம் அத்தியாயம். பிம்ப மின்னூட்ட முறையையும் (கடத்திக்குப் பதிலாகக் கற்பனை மின்னூட்டத்தை வைத்துக் கணக்கிடுவது) கார்ட்டீசியன் ஆயங்களில் மாறிகளைப் பிரிப்பதையும் முடியுங்கள். கோள ஆயங்களில் வரும் லெஜாந்தர் பல்லுறுப்புக் கோவைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய குறை, கணக்குகளுக்குப் பின்னால் விடை இருக்காது. அதனால் விடையை நீங்களே சோதிக்கப் பழக வேண்டும். மின்னூட்டம் ஏற்றிய வட்டத் தகட்டின் புலம் கண்டுபிடித்தீர்களா? வெகுதூரம் போனால் அது புள்ளி மின்னூட்டத்தின் புலமாக ஆக வேண்டும். ஒட்டி வந்தால் முடிவிலாத் தகட்டின் புலமாக. இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ பிசகு.

பதில் 2:
ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகளில் மின்காந்தவியலைப் பற்றிய இரண்டாம் தொகுதியை விட்டுவிட்டீர்களே! இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். காந்த விசை ஏன் வருகிறது என்று அதைப் படித்துத்தான் எனக்குப் புரிந்தது.

பதில் 1:
அருமையான புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், பேனா எடுத்தால் கை ஓடாது. இரண்டாம் வாசிப்புக்கு வையுங்கள். காந்தம் சார்பியலிலிருந்து எப்படி வருகிறது என்பதை பர்செல் ஐந்தாம் அத்தியாயத்தில் நிதானமாகக் கட்டி எழுப்புகிறார். ரசனைக்கு எனக்கு அவர்தான்.

கேள்வி கேட்டவர்:
நூலகத்தில் பர்செல் இரண்டாம் பதிப்பு இருக்கிறது. போதுமா?

பதில் 1:
அது காஸியன் அலகுகளில் இருக்கும். கூலூம் விதியில் நான்கு பை எப்சிலான் இருக்காது, காந்த விசையில் ஒளியின் வேகம் வந்து உட்கார்ந்திருக்கும். கிரிஃபித்ஸோடு சேர்த்துப் படித்தால் காணாமல் போன நான்கு பையைத் தேடுவதிலேயே பாதி இரவு போய்விடும். 2013-இல் டேவிட் மோரின் என்ற இயற்பியலாளர் சேர்ந்து கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு எஸ்ஐ அலகுகளுக்கு மாறிவிட்டது. தீர்வோடு நிறையக் கணக்குகளும் உண்டு. அது கிடைத்தால் எடுங்கள்.

ஹெக்ட்டை இப்போது வாங்காதீர்கள். கிரிஃபித்ஸ் ஒன்பதாம் அத்தியாயம் வரை போனால் எதிரொளிப்பும் விலகலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்தே வந்து விழும். கண்ணாடியில் ப்ரூஸ்டர் கோணம் (எதிரொளித்த ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிரும் படுகோணம்) சுமார் 56 டிகிரி என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். அப்புறம் ஹெக்ட்டில் நேராகத் தளவிளைவு (போலரைசேஷன்), குறுக்கீடு, விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) அத்தியாயங்களுக்குப் போங்கள். லென்ஸ் பகுதிக்கு இந்தப் பீடிகை எதுவும் தேவையில்லை. அலுப்புத் தட்டும் நாளில் புரட்டலாம்.