தனிச் சமையலும் இல்லாமல், ஜிம்முக்கும் போகாமல் எடை குறைத்தவர்கள் இருக்கிறீர்களா?

ஸ்ரீரங்கம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 39, உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்திருக்கிறது. தைராய்டு சரியாக இருக்கிறது. "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, வாசலில் நிற்கிறீர்கள். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், எடையைக் குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார் டாக்டர். என் அம்மாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது. கடைசியில் கண்பார்வை மங்கி, பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அழகுக்காக இதைக் கேட்கவில்லை.

வீட்டில் ஐந்து பேர். ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், 72 வயது அத்தை, அவர், நான். விடியற்காலை ஐந்துக்கு முன்பே எழுந்துவிடுவேன். பால், காபி, இரண்டு டிபன் பாக்ஸ், அத்தைக்குக் குழைவாகத் தனிச் சோறு. பள்ளி வேன் 7.40க்கு. நான் ஸ்கூட்டியில் தில்லைநகர் போய் அலுவலகத்தில் உட்கார்ந்தால் மாலை வரை நாற்காலிதான். வீடு திரும்ப ஆறரை ஆகும். செவ்வாய், வியாழனில் மகனை செஸ் வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை வண்டிமேலேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் இரவு டிபன். அவர் கடையைச் சாத்திவிட்டு வர ஒன்பதரை. எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, கடைசியில் அடுப்படியிலேயே நின்றபடி நான் சாப்பிடுவேன். பிய்ந்த தோசை, மகன் தட்டில் மீந்தது, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். எத்தனை தோசை என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பக்கத்தில் ஒரு ஜிம் இருக்கிறது. பெண்களுக்கான நேரம் காலை 10 முதல் 12. வேலைக்குப் போகிறவள் அந்த நேரத்துக்கு எப்படிப் போவது? வீடியோக்களில் ஓட்ஸ், அவகாடோ, ஆலிவ் எண்ணெய் என்கிறார்கள். ஏற்கெனவே மூன்று விதமாகச் சமைக்கும் நான் நாலாவதாக எனக்கென்று ஒன்று செய்ய முடியாது. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "மெலிஞ்சா முகம் வாடிப்போயிடும்" என்று அத்தை மட்டும் கவலைப்படுகிறார்.

வேலை, குழந்தைகள், பெரியவர்கள் என்று இருந்துகொண்டே குறைத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டு பிரசவமும் சிசேரியன். முதுகு வலி எப்போதாவது வரும்.

நெல்லைப் பாட்டி:

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்? தினமும் காலையில் கொள்ளு ரசம் குடிம்மா. ராத்திரி சாப்பாட்டை விட்டுடு. தன்னால குறையும்.

கோவை அக்கா:

தங்கச்சி, எனக்கு வயது 47. நானும் இதே 6க்கு மேல் போய் நின்றவள்தான். இப்போது 11 கிலோ குறைந்து, சர்க்கரை 5.5ல் நிற்கிறது. வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், நான் ஜவுளி நிறுவனத்தில் கணக்கு வேலை. ஆகவே உங்கள் நிலைமை எனக்குப் புரியும்.

முதலில் பாட்டிக்கு. அம்மா, கொள்ளு நல்ல பொருள், நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. சுண்டலாகச் சாப்பிடட்டும். ஆனால் ரசம் குடித்ததால் கொழுப்பு கரையாது. ராத்திரிச் சாப்பாட்டை விடுவதும் இவருக்கு ஒத்துவராது. பகலெல்லாம் உழைத்துவிட்டுப் பட்டினி கிடந்தால் பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கத் தோன்றும்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த இரவுத் தோசைதான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரி. தோசைக்கு ஒன்று, பொடி குழைக்க இரண்டு என்று போட்டால், மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டுமே 200 கலோரி. மீந்ததும் பிய்ந்ததும் தனி. இத்தனையும் நின்றுகொண்டே உள்ளே போவதால் வயிறு நிறைந்ததுகூடத் தெரிவதில்லை.

நான் செய்தது இதுதான். இரவு ஏழரைக்குப் பிள்ளைகளோடு நானும் தட்டு வைத்துக் கீழே உட்கார்ந்துவிடுவேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பழக்கத்தை நிறுத்த எனக்குக் கொஞ்சம் மனத் துணிவு வேண்டியிருந்தது. மாமியார் ஒருநாள் முகத்தைச் சுருக்கினார், அப்புறம் சரியாகிவிட்டது. பின்னால் வருகிறவருக்கு மாவு ஃபிரிட்ஜில், சட்னி கிண்ணத்தில், தோசைக்கல் அடுப்பில். நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆண் தனக்கு இரண்டு தோசை வார்த்துக்கொள்ள முடியும், நம்புங்கள். மகனுக்கு முதலில் ஒரே ஒரு தோசை போடுங்கள், வேண்டுமென்றால் கேட்கட்டும். மீதி விழாவிட்டால் அதைச் சாப்பிடும் வேலையும் இல்லை.

தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். அதே சாம்பார், அதே பொரியல், தட்டில் அளவை மட்டும் மாற்றினேன். பாதித் தட்டு காய். முன்பு கால் கிலோ பீன்ஸ் வாங்கிய இடத்தில் அரைக் கிலோ. சோறு ஒரு குழிக்கரண்டி, அதுவும் காய் பாதி தீர்ந்த பிறகுதான். சாம்பாரைக் கலக்கி அடியிலிருக்கும் பருப்பை எடுத்துப் போட்டுக்கொள்வேன். கூட ஒரு முட்டையோ, சுண்டலோ. சைவமென்றால் ஒரு கிண்ணம் தயிர். எங்களை மாதிரிக் குடும்பங்களில் புரதம்தான் குறைவு. மூன்று வேளையும் அரிசியும் உளுந்துமாகவே போய்விடுகிறது.

எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளுக்கு 20 கிராம் போதும் என்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஐந்து பேருக்கு, கொஞ்சம் தாராளமாகவே வைத்தாலும், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து மாதம் நாலு லிட்டருக்குள் வர வேண்டும். நான் மாதத் தொடக்கத்தில் எண்ணெயை அளந்து தனித் தூக்கில் ஊற்றி வைத்துவிடுவேன். இருபதாம் தேதியே தீர்ந்தால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

ஜிம்முக்குப் போக நேரம் ஒத்துவரவில்லை என்கிறீர்கள், நடக்கலாமே. செவ்வாயும் வியாழனும் செஸ் வகுப்பு வாசலில் வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நேரம் முழுக்க உங்களுடையது. வண்டியைப் பூட்டிவிட்டு நடங்கள். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு நடக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உத்திர வீதி, சித்திரை வீதி என்று சுற்றிச் சுற்றி வரலாம், துணைக்கும் ஆள் இருப்பார்கள்.

மதுரை பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட். கோவை அக்கா சொன்ன உணவு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, உடற்பயிற்சி பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஒரு தடவைக்குத் தொடர்ந்து 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020ல் வந்த வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் மாடிப்படி ஏறினாலும் சேர்த்துக்கொள்ளலாம். உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விடுதலை. மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் சர்க்கரை திடீரென்று ஏறுவது குறையும்.

தசைப் பயிற்சியைப் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும், அப்புறம் எடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே வரும். இதை என் நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

வீட்டில் செய்ய மூன்று போதும். கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்துத் தடவை. சுவரில் கை ஊன்றித் தண்டால், பத்து. இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது, பத்து. குக்கர் விசில் வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். சுலபமாகத் தோன்ற ஆரம்பித்தால் நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல், பாட்டிலுக்குப் பதில் இரண்டு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம்.

இரண்டு சிசேரியன் என்பதால் ஒரு எச்சரிக்கை. மல்லாந்து படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை வீடியோ பார்த்துத் தொடங்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு நடு வயிற்றுத் தசை சிலருக்குப் பிரிந்தே இருக்கும். எழும்போது தொப்புள் வரிசையில் மேடு தள்ளினால் முதலில் நேரில் யாரிடமாவது காட்டுங்கள். முதுகு வலிக்குக்கூட அது ஒரு காரணமாக இருக்கலாம்.

எடையைப் பற்றிக் கவலைப்பட்டுத் தூக்கம் கெட வேண்டாம். 2002ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உங்களைப் போல் வாசலில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உழைப்பும்தான். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006ல் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் முக்கியம். தராசு முள் நகராத மாதத்திலும் உள்ளே வேலை நடக்கிறது. மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ. தான் எல்லை.

அத்தையையும் அந்த நாற்காலிப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும். 72 வயதில் தானாக எழுந்து நிற்கும் பலம் ரொம்ப முக்கியம்.

அம்பத்தூர் அப்பா:

ஒரு கணவனாக எழுதுகிறேன். இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுக்காரரும் படிக்க வேண்டும்.

என் மனைவிக்குக் காலை 5.30 முதல் 6.15 வரை நடைக்கான நேரம், அது அவருடையது. அந்த முக்கால் மணி நேரம் வீடு என் பொறுப்பு. பால் காய்ச்சுவது, மகளை எழுப்புவது, பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது, காய் நறுக்குவது. "பெருங்காயம் எங்கே?" என்று போனில்கூடக் கேட்க மாட்டேன். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுக்களையில் நின்று பார்த்தேன். உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால் அவர் நடந்தும் பயனில்லை, வீட்டு நினைப்போடுதான் நடப்பார்.

கடை வைத்திருப்பவருக்கு இரவு தாமதமாகும், ஆனால் காலை இருக்கிறதே. வாரத்தில் மூன்று நாள் காலை டிபன் பாக்ஸை அவர் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பாக்ஸிலும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலுமாகவே போனாலும் பரவாயில்லை. அதற்காக நீங்கள் நடுவில் வந்து திருத்தாதீர்கள்.

ஸ்ரீரங்கம் மருமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவரிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பதிலை இரண்டு தடவை படித்தார். திங்கள், புதன், வெள்ளி காலை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, "இது நம்ம வேலைதானே" என்று இன்னும் ரெண்டு தடவை செய்தார். இடுப்பு 96 செ.மீ. இருக்கிறது, காலண்டரில் எழுதிவிட்டேன்.

இரண்டே சந்தேகம். செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து நேராகப் போவதால் புடவையில்தான் இருப்பேன், அப்படியே நடக்கலாமா? செருப்பா, ஷூவா?

மதுரை பிசியோ:

புடவையில் தாராளமாக நடக்கலாம். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் நிற்கிற மாதிரி கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், எட்டிப் போட வசதியாக இருக்கும். தட்டையான ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். ஷூ என்றால் நல்லது, இல்லாவிட்டால் குதிகாலில் பட்டை வைத்த, அடி மெத்தென்று இருக்கும் செருப்பு. ஒரு ஜோடியை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலேயே போட்டு வைத்துவிடுங்கள்.

கோவை அக்கா:

சுண்டலுக்குக் கடலையைத் திங்கள் இரவே ஊறப் போடுங்கள். செவ்வாய் நடந்துவிட்டு வரும்போது பசிக்கும்.