டிசம்பர் சேலில் டிவி: 50 இஞ்சா, 55 இஞ்சா?

கடற்பக்கம்_06:
இந்த சேலில் ஒரு டிவி எடுக்க வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி பிளாட். செற்றியிலிருந்து சுவருக்கு ஒன்பது அடி. யன்னல் மேற்கே பார்த்தது, மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேரே உள்ளே விழும். அம்மா அப்பா பியோ டிவியில் (டெலிகொமின் கட்டண டிவி) செய்தியும் சீரியலும் பார்ப்பார்கள், கிரிக்கெட் எல்லாருக்கும் வேண்டும், இரவில் நெட்பிளிக்ஸ். கேம் விளையாட ஆள் இல்லை. இரண்டு லட்சத்துக்குள் கேள்விப்படாத பிராண்டில் 55 இஞ்சும், தெரிந்த பிராண்டில் 50 இஞ்சும் காட்டுகிறார்கள். பெரிசையே எடுக்கலாமா?

பனல்_பார்ப்பவர்:
ஒன்பது அடிக்கு 55 இஞ்ச் பெரிசே இல்லை, 65 கூட வைக்கலாம். 50 இஞ்ச் டிவியின் அகலம் ஏறக்குறைய 111 செ.மீ., 55 இஞ்ச் 122 செ.மீ. அந்த 11 சென்ரிமீற்றருக்காக பனலை, அதாவது படம் காட்டும் திரையின் தரத்தை, விட்டுக்கொடுக்காதீர்கள்.

சேலில் குவித்து வைத்திருக்கும் மலிவு 55 இஞ்சுகளில் பெரும்பாலும் வெளிச்சம் 250, 300 நிட்ஸ்தான். பெட்டியில் ‘எச்டிஆர்’ (வெளிச்சமும் இருளும் கூடுதலாக வேறுபடும் படம்) என்று போட்டிருக்கும். அந்த சிக்னலை ஏற்கும் என்பதுதான் அதன் அர்த்தம், அந்த அளவு வெளிச்சத்தைக் காட்டும் என்றில்லை. மேற்கு யன்னல் வீட்டில் பின்னேர மட்ச் பார்க்கும்போது இது நன்றாகத் தெரியும். முதல் வேலையாக, டிவியை யன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். வடக்கு அல்லது தெற்குச் சுவரில் போட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

அடுத்தது பனல் வகை. விஏ பனலில் கறுப்பு கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கத்துக் கதிரையிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பனல் பக்கத்திலிருந்தும் ஒழுங்காகத் தெரியும், ஆனால் இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகும். எல்லாரும் நேரே உட்காரும் ஹோல் என்றால் விஏ எடுங்கள். ‘கியூஎல்ஈடி’ என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், அதுவும் பின்னால் பல்பு எரியும் எல்சிடிதான். நிறம் கொஞ்சம் கூட வரும், அவ்வளவே.

கடையில் டிவியை ‘டெமோ’வில் விட்டிருப்பார்கள், வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். ‘ஹோம்’ அல்லது ‘மூவி’ மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு யூடியூப்பில் முழுத் திரையும் ஒரே சாம்பல் நிறமாக வரும் வீடியோ ஒன்றைப் போட்டு, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக, அழுக்குத் துணியால் துடைத்த மாதிரித் தெரிந்தால் அதை எடுக்காதீர்கள். சீரியலில் அது கண்ணில் படாது. பந்து பவுண்டரிக்கு ஓட, கமரா பச்சைப் புல்லோடு நகரும்போது அந்தப் பட்டைகள் அப்படியே அசையாமல் நிற்கும். ஒருதரம் கண்டால் பிறகு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரே மொடலிலும் பெட்டிக்குப் பெட்டி இது மாறும். அதனால் உங்களுக்குத் தரும் பெட்டியையே திறந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நெட்வேர்க்_ஆள்:
கேள்விப்படாத பிராண்டில் இன்னொரு சிக்கல். சிலவற்றில் இருப்பது கூகுளின் உரிமம் இல்லாத ஆண்ட்ராய்ட். படத்தைப் பிரதி எடுக்காமல் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பு கீழ்மட்டமான எல்3இல்தான் இருக்கும், உயர்மட்டமான எல்1 இருக்காது. அதில் நெட்பிளிக்ஸ் ஓடினாலும் எச்டியில் வராது, 4கே திரையில் பழைய சிடி மாதிரிக் கிடக்கும். ஃபோனில் இருக்கும் நெட்பிளிக்ஸை டிவி பெரிதாகக் காட்டுவதை வைத்து ‘ஓடுகிறது’ என்று நம்பாதீர்கள். டிவியிலேயே ஆப்பைத் திறந்து, உங்கள் கணக்கில் நுழைந்து, படத்தைப் போட்டுப் பாருங்கள். 4கே வர பிரீமியம் கணக்கும் 15 எம்பிபிஎஸ் வேகமும் வேண்டும். வைஃபை 5 கிகாஹேர்ட்ஸும் பிடிக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பக்கத்துப் பிளாட்களில் 2.4இல் நெரிசல் அதிகம்.

பியோ பெட்டியில் ஒரு செட்டிங். நம் ஒளிபரப்பு நொடிக்கு 50 படம். பெட்டி 60இல் அனுப்பினால் ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு தரம் வரும், செய்தியின் கீழே ஓடும் எழுத்து திக்கித் திக்கிப் போகும். அம்மா அப்பா டிவியைத்தான் குறை சொல்வார்கள். பெட்டியின் வீடியோ செட்டிங்கில் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

கடற்பக்கம்_06:
சாம்பல் திரைச் சோதனை இதுவரை கேள்விப்படவில்லை, நன்றி. 50ஐத்தான் எடுப்பேன். ஸ்டெபிலைசர் ஒன்றும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள், தேவையா?

வயரிங்_வேலை:
தேவையில்லை. பின்பக்கத்து லேபிளைப் பாருங்கள், 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் வோல்டேஜ் ஏறி இறங்குவதை டிவி தானே சமாளிக்கும். அந்தக் காசுக்கு நல்ல சேர்ஜ் கார்ட் (திடீரென்று பாயும் கூடுதல் மின்சாரத்தைத் தடுப்பது) ஒன்றை வாங்கி, எர்த் உள்ள சதுரமுனை 13 அம்பியர் பிளக்கில் போடுங்கள். உருண்டைமுனை அடப்டர் வைத்து எர்த்தை விட்டுவிட்டால் அதன் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும்.

டிவியை உண்மையில் கொல்வது இடி மின்னல். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் பின்னேர இடி கூட. ஆக்கள் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மின்னல் டிஷ் வயர் வழியாகவோ ரவுட்டருக்கு வரும் டெலிபோன் லைன் வழியாகவோ பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து எச்டிஎம்ஐ கேபிளால் டிவியின் மெயின் போர்டுக்குப் போகும். டிவி ஓன் ஆகும், படமும் வரும், எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். வானம் இருண்டு வரும்போதே, முழக்கம் தொடங்க முன், பிளக், டிஷ் வயர், நெட்வேர்க் வயர் மூன்றையும் கழற்றுங்கள். கைக்கெட்டும் இடத்தில் அவை இருக்கும்படி முதலிலேயே மாட்டுவது நல்லது.

சுவரில் மாட்டும்போது டிவியோடு வந்த அல்லது புத்தகத்தில் சொன்ன நீள போல்ட்டையே போடுங்கள். நீளம் கூடினால் முனை உள்ளே போய் பனலைக் குத்தும். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்.

பில்_பார்:
வாங்க முன் மூன்று விடயம். பெட்டியில் உள்ள முழு மொடல் நம்பரை எழுதிக்கொண்டு மற்ற இடங்களில் விலை பாருங்கள். சேலுக்கென்று வரும் மொடலில் கடைசி ஓரிரு எழுத்து மாறியிருக்கும், பனலும் போர்டும் வேறாக இருக்கலாம். அப்போது ‘40 வீதம் கழிவு’ எந்த விலையிலிருந்து என்று தெரியாது.

விலைச்சீட்டில் வாட் வரி அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், இரண்டு லட்சத்துக்கு 36,000 ரூபா. ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் வங்கி எடுக்கும் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், இரண்டையும் ஒரே கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வித்தியாசம் அங்கே தெரியும்.

‘மூன்று வருட வாரண்டி’ சில வேளை வேலைக் கூலிக்கு மூன்று, பனலுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும். பனலுக்கு எத்தனை என்பது பில்லில் எழுத்தாக வர வேண்டும், சீரியல் நம்பரோடு. பிறகு தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், பில் கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது பெட்டி நிமிர்ந்தே வரட்டும், படுக்கவைத்துக் கொண்டுவந்தால் பனல் வெடிக்கக்கூடும். உடைவுக்கு வாரண்டி இல்லை. டிவி ஓஃப்பில் இருக்கும்போது உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கொண்டுவந்த ஆள் நிற்கும்போதே கரண்ட் போட்டு வெள்ளைத் திரையைப் பாருங்கள், பிறகு கையெழுத்து.