சென்டினல் நோடு: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கீழ்ப்பாக்கம்:
வணக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு வருகிறவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தை மார்பில் ஊசியாகப் போட்டு, காமா கேமராவில் படம் எடுக்கிறார்கள். நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு புள்ளியாகத் தெரிகிறது. அதை எடுத்துச் சோதித்துப் புற்று இல்லையென்றால், அக்குளில் மற்றவற்றைப் பொதுவாகத் தொடுவதில்லை. பின்னால் கை வீங்கும் தொல்லையும் குறையும். இதைத்தான் ஆங்கிலத்தில் சென்டினல் நோடு என்கிறார்கள். சென்டினல் என்றால் காவலாள் என்பதால், இப்போதைக்குக் 'காவற்கணு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மயிலாப்பூர்:
மதில் காப்பதற்குத் தமிழில் திணையே இருக்க, வெறுங்காவல் எதற்கு? 'நொச்சிக்கணு' என்க. தொல்காப்பியர் நொச்சியை, மதிலை முற்றுகையிடும் உழிஞைத் திணைக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில் அது தனித்திணை. ஏன் என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ராயபுரம்:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நொச்சி என்றால் ஆவி பிடிக்கச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். கணுவும் கரும்புக்குத்தான். இருபது வருடமாக வார்டில் நான் கேட்பது, "கக்கத்துல நெறி கட்டியிருக்கு சிஸ்டர்". 'முதல் நெறி' என்று போடுங்களேன்.

மயிலாப்பூர்:
நீதிநூல் தலைப்பு போலிருக்கிறது அம்மா. தவிர, நெறி கட்டுவது வீக்கம். இந்தக் கணு வீங்கியிருக்க வேண்டியதில்லையே. ஆனால் நெறி என்றால் வழி, நிணநீரும் வழி பிடித்துத்தானே போகிறது! நெரி, நெறி இரண்டுக்கும் உறவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

தாம்பரம்:
ஸ்கேன் அறையிலிருந்து ஒரு வார்த்தை. 'காவல்' வேண்டாம். திரையில் புள்ளியைப் பார்த்ததுமே "பரவிடுச்சா தம்பி?" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். புற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து பொதுவாக அங்கேதான் போய் நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது நுண்ணோக்கிதான். காவல் என்று எழுதினால், திருடன் வந்துவிட்டானா என்றுதான் அடுத்த கேள்வி வரும். 'முதற்கணு' போதும்.

கீழ்ப்பாக்கம்:
இரண்டு பேர் முதற்கணு பக்கம், என்னையும் சேர்த்து. முதல் தடவை வரும் இடத்தில் 'நிணநீர் முதலில் சேரும் நெறி' என்று பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். புள்ளி தெரிவதாலேயே புற்று பரவிவிட்டது என்று பொருளல்ல என்பது தடித்த எழுத்தில். அச்சகத்துக்கு இரவே அனுப்புகிறேன்.

மயிலாப்பூர்:
அனுப்புங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நொச்சி மடல் நாளை வரும்.